எத்தனை மீட்டர் போயிருக்கிறது?

காவிரி டெல்டாவில் எந்த ஊர் வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் எழுந்தாலும் அந்த ஊர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை மீட்டர் போயிருக்கிறது?” வாயில் காவலரிடம் கேட்பார்கள், டீக்கடைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் கேட்பார்கள், தாசில்தார் கூட்டும் அமைதிப் பேச்சுவார்த்தையில் கேட்பார்கள். பதில் வராது. வந்தாலும், “அது தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது?” என்று எதிர்க்கேள்வியாகத்தான் வரும். இந்த எதிர்க்கேள்வி இன்று ஒரு கொள்கையாகவே ஊன்றிவிட்டது. நிறுவனங்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. பொறியாளர்கள் சொல்கிறார்கள், வருவாய்த் துறையினர் சொல்கிறார்கள், நகரத்துப் படித்தவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அனுமதி தருவதா வேண்டாமா என்பதில் மக்கள் கருத்துச் சொல்லட்டும். துளையிடத் தொடங்கிய பிறகு அது நிபுணர்களின் வேலை. அன்றாடம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் பீதி கிளம்பும், வேலை கெடும் என்கிறார்கள்.

இதை அடியோடு மறுக்கிறேன். ஒரு கிணறு தோண்டப்படும் நாட்களில் அதன் முன்னேற்றத்தை நாள்தோறும் அறிவது அதைச் சுற்றி வாழ்பவர்களின் உரிமை. அந்த உரிமையை மறுப்பதால் ஊருக்குக் கேடு என்பது தெரிந்ததுதான். சட்டத்துக்கும் கேடு, கிணற்றின் பாதுகாப்புக்கும் கேடு என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

அனுமதிக் கட்டத்தில் பேசியிருக்கலாமே என்கிறவர்களிடமிருந்து தொடங்குவோம். எங்கே பேசுவது? 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தியது. நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயு தேடும் ஆய்வுப் பணிகள் ‘பி2’ என்ற வகைக்கு இறக்கப்பட்டன. அந்த வகைக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. கண்டுபிடித்த எண்ணெயை வணிக அளவில் எடுக்கும் கட்டத்துக்குத்தான் கருத்துக்கேட்பு. அதாவது ஆயிரக்கணக்கான மீட்டர் துளைத்து, குழாய் இறக்கி, வாயுவை எரித்துச் சோதித்து முடித்த பிறகு ஊரைக் கூப்பிடுவார்கள்.

இதன் விளைவை ராமநாதபுரத்தில் பார்த்தோம். அந்தப் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. மக்களுக்கு அது பரவலாகத் தெரியவந்தது ஆகஸ்டில். எதிர்ப்பு கிளம்பியதும், ஹைட்ரோகார்பன் திட்டம் எதையும் தமிழ்நாட்டில் அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு அறிவித்து, அந்த அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. முடிவு எதுவாகவும் இருக்கட்டும். மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ரிக் வந்திருந்தால் ஒரு கிணற்றைத் துளைத்தே முடித்திருக்கலாம். கூட்டம் நடத்திக் கேட்கும் வழியை அடைத்துவிட்டு, துளையிடும் வேளையிலும் பார்க்காதே என்றால், ஊருக்கு எந்தக் கட்டத்தில்தான் இடம்?

அடுத்த வாதம், உங்களுக்குப் புரியாது என்பது. இதைவிட டெல்டாவை அறியாத பேச்சு வேறில்லை. போர் போடும் வண்டி வயலில் வந்து நின்றால் நிலத்துக்காரர் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். ஒவ்வொரு பைப் இறங்கும்போதும் வெளியே வரும் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பார். களியா, நைஸ் மணலா, பருமணலா என்று பிரித்துச் சொல்வார். எத்தனை அடியில் மணல் பிடித்தது, எத்தனை அடிக்கு மேல் உப்பு, கேசிங் எதுவரை, ஃபில்டர் பைப் எங்கே என்பதையெல்லாம் போர்க்காரரோடு வாதாடி முடிவு செய்பவர் அவர். பக்கத்துக் கொல்லை போரின் கணக்கு பல வருடம் கழித்தும் அவருக்கு மனப்பாடம். எண்ணெய்க் கிணற்றில் மட் லாகிங் பிரிவினர் செய்வதும் இதே வேலைதான். சில மீட்டருக்கு ஒருமுறை ஷேக்கர் சல்லடையில் வந்து விழும் பாறைத் துகளைக் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அடுக்கு என்று குறிக்கிறார்கள். கூடவே மேலே வரும் வாயுவையும் அளக்கிறார்கள். கருவி பெரியது, ஆழம் பல மடங்கு அதிகம். கேட்கும் கேள்வி ஒன்றேதான். அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய மனிதரிடம் போய், உனக்கு இது விளங்காது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

சரி, மீட்டர் கணக்கு தெரிந்து என்ன ஆகும்? நிறைய ஆகும்.

ஒரு கிணறு ஒரே மூச்சில் கீழே போவதில்லை. கட்டம் கட்டமாகப் போகும். முதலில் அகலமான துளை. அதில் 20 அங்குலக் குழாய். அதற்குள் 13 3/8 அங்குலம், பிறகு 9 5/8, கடைசியில் 7 அல்லது 5 1/2 அங்குலம் என்பது பரவலாகக் காணும் வரிசை. கேசிங் எனப்படும் இந்தக் குழாய் ஒவ்வொன்றையும் இறக்கியதும் அதற்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சிமெண்ட் ஏற்ற வேண்டும். சிமெண்ட் இறுகக் காத்திருக்க வேண்டும். அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குழாயோடும் பாறையோடும் சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா என்று லாக் என்ற அளவீட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் மேற்பகுதிக் கேசிங்தான் ஊரின் குடிநீருக்குக் காவல். நல்ல தண்ணீர் இருக்கும் மணல் அடுக்கு முழுவதையும் அது கடந்து, கீழே ஓர் இறுகிய களி அடுக்கில் போய் உட்கார வேண்டும். நாகப்பட்டினம் கடலோரத்தில் மேலே உப்பும் கீழே நல்ல தண்ணீரும் இருக்கும் இடங்கள் உண்டு. மேற்கே போகப் போக நிலைமை மாறும். எனவே மேற்பகுதிக் கேசிங் எந்த ஆழத்தில் நிறுத்தப்பட்டது என்ற எண் ஊருக்கு ஊர் பொருள் மாறும் எண். அந்த எண் பலகையில் எழுதப்பட்டிருந்தால், எங்கள் ஊர் போர் அதற்கும் கீழே போகிறதே என்று ஒருவர் கை தூக்கிச் சொல்ல முடியும். துளை இன்னும் மேலாக இருக்கும்போது சொன்னால் திருத்தலாம். சிமெண்ட் இறுகி, ரிக் அடுத்த மாவட்டத்துக்குப் போன பிறகு சொன்னால் வழக்குத்தான் போடலாம்.

அடுத்தது துளைச்சேறு. ரிக்கில் வேலை செய்பவர்கள் மட் என்பார்கள். பென்டோனைட் களியும் பாரைட்டும் வேறு வேதிப்பொருட்களும் கலந்து, துளைத்தண்டின் வழியே உள்ளே அனுப்பி, வெளிப்பக்கமாக மேலே கொண்டுவரும் கனமான திரவம். துளையின் உயிரே அதில்தான் இருக்கிறது. 3,000 மீட்டர் ஆழத்தில் வெறும் தண்ணீர்த் தூணின் அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 300 மடங்கு. பாறைக்குள் சிக்கியிருக்கும் வாயுவின் அழுத்தம் அதையும் மிஞ்சினால் தண்ணீர் போதாது; சேற்றின் எடையைக் கூட்ட வேண்டும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பாறை பிளந்து சேறு உள்ளே ஓடிவிடும். குறைத்தால் வாயு உள்ளே நுழையும். தொட்டியில் சேற்றின் அளவு தானாக ஏறுகிறது என்றால் கீழே ஏதோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதற்குத்தான் கிக் என்று பெயர். அதை உடனே அடக்க வேண்டும். அடக்க முடியாமல் போனால் கிணறு சீறும். அடக்குவதற்கான கடைசிக் கருவி கிணற்றின் தலையில் பூட்டப்படும் பி.ஓ.பி. என்ற தடுப்பு வால்வுத் தொகுதி.

எனவே ஆழம், கேசிங், சிமெண்ட் சோதனை, சேற்றின் எடை, இழப்பா வரவா, பி.ஓ.பி. கடைசியாகச் சோதிக்கப்பட்ட நாள் என்று சில எண்களில் ஒரு கிணற்றின் அன்றைய உடல்நிலை அடங்கிவிடும். இவை எதையும் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ரிக்கிலிருந்தும் தினசரி முன்னேற்ற அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. எல்லாம் அதிலேயே இருக்கின்றன. வேலிக்கு உள்ளே எழுதப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலுவலகத்துக்குப் போகும் தாள், வேலிக்கு வெளியே நூறு மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்கு என்ன நியாயம்?

நிபுணர்களை நம்புங்கள் என்பவர்கள் இரண்டு ஊர்ப் பெயர்களை மறக்காமல் இருக்க வேண்டும். ஒன்று பாசர்லபூடி. நம்மைப் போலவே நெல்லும் தென்னையும் வாழ்விக்கும் கோதாவரி டெல்டாவில் உள்ள ஊர். 1995 ஜனவரி 8 அன்று அங்கே ஓஎன்ஜிசி தோண்டிக்கொண்டிருந்த 19ஆம் எண் கிணறு சீறித் தீப்பிடித்தது. அணைக்க 65 நாள் ஆனது. அமெரிக்காவிலிருந்து தீயணைப்பு வல்லுநர்கள் வர வேண்டியிருந்தது. சுற்றுக் கிராமத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இன்னொன்று அசாமின் பாக்ஜான். அங்கே 5ஆம் எண் கிணறு புதிதாகத் தோண்டியது அல்ல. ஆயில் இந்தியா நிறுவனம் 2006இல் தோண்டிய, பல்லாண்டு ஓடிய கிணறு. 2020இல் அங்கே நடந்தது மராமத்து வேலை மட்டும்தான். மே 27 அன்று கிணறு கட்டுமீறியது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் கிடந்தார்கள். மகுரி-மோட்டாபுங் நீர்நிலையில் எண்ணெய் படர்ந்தது. தீ முழுவதும் அணைந்தபோது தேதி நவம்பர் 15. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நீதிபதி பி.பி. கடகே தலைமையில் அமைத்த குழு குறைகளைப் பட்டியலிட்டது. உறுதி செய்து சோதிக்கப்பட்ட இரண்டாவது தடுப்பு இல்லாத நிலையில் பி.ஓ.பி.யை அகற்றியது அதில் முதன்மையானது.

ஊர்க்காரர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாக்ஜான் எரிந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது வேறு. “இன்று பி.ஓ.பி. கழற்றப்படுகிறது, இரண்டாவது தடுப்பு சோதிக்கப்பட்டது, நேரம் இது” என்று ஊர் பார்க்க எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அந்தச் சோதனையைச் செய்யாமல் தாவுவது எவருக்கும் எளிதாக இருக்காது. கையெழுத்திட்டவர் பெயர் அங்கே நிற்கும். அவசரப்படுத்தும் மேலாளரிடம், இதை எழுத என்னால் முடியாது என்று சொல்ல இளம் பொறியாளருக்கு ஒரு துணை கிடைக்கும். நல்ல பொறியாளருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. தப்பித்தவறி ஏதாவது நடந்தாலும், கிணற்றின் நிலைமை தெரிந்த ஊர் எந்தப் பக்கம் ஓடுவது, அடுப்பை எப்போது அணைப்பது, ஆடுமாட்டை எங்கே ஓட்டுவது என்று முன்கூட்டியே யோசித்திருக்கும்.

பாக்ஜானைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. “இது பழைய கிணறு, மராமத்து வேலைதான்” என்ற அதே வாக்கியம் இன்று டெல்டாவில் ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. அதன் பின்னால் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. என் பார்வையில் இந்த விவகாரத்தின் உயிர்நாடியே அதுதான்.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. அங்கே எண்ணெய், எரிவாயு தேடுவதற்கும் துளையிடுவதற்கும் எடுப்பதற்கும் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது. நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால், குத்தாலம் என்று பல பத்தாண்டுகளாக எண்ணெயும் வாயுவும் தந்துவரும் வயல்கள் தொடர்கின்றன. பனங்குடியில் 1993இல் ஒரு சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பட்டது. திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் இந்த வாயுவில் ஓடும் மின் நிலையங்களை மாநில மின்வாரியமே கட்டியிருக்கிறது. ஆக, சட்டம் ‘புதியது’, ‘பழையது’ என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு மண்ணுக்கு மேலே இல்லை. மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

மராமத்து என்றால் பழைய துளைக்குள் குழாய் மாற்றுவார்கள், அடைப்பு நீக்குவார்கள், வேறோர் ஆழத்தில் கேசிங்கைத் துளையிட்டு அங்கிருந்து எடுப்பார்கள். துளையின் ஆழம் மாறாது. பாறைத் துகள் வெளியே வராது. ஆனால் சைடு டிராக் என்று ஒரு முறை உண்டு. பழைய கிணற்றின் கேசிங்கில் பக்கவாட்டில் ஒரு சன்னல் வெட்டி, அங்கிருந்து புதிய பாறைக்குள் சாய்வாகத் துளையிட்டுக்கொண்டு போவார்கள். மேலே பார்த்தால் அதே வேலி, அதே கிணற்று எண், அதே பெயர்ப்பலகை. கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் புதுத் துளை. இது பழைய பணியா, சட்டம் தடுக்கும் புதிய துளையிடலா? நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய கேள்வி. நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு ஒரே சாட்சி நாள்வாரி ஆழக் கணக்கு. திங்கட்கிழமை இருந்த ஆழமும் அடுத்த திங்கட்கிழமை இருந்த ஆழமும் ஒன்றாக இருந்தால் அது மராமத்து. கூடிக்கொண்டே போனால் துளையிடுகிறார்கள். “எத்தனை மீட்டர் போயிருக்கிறது?” என்று டீக்கடையில் கேட்ட கேள்வி, சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைக் காப்பாற்றும் கேள்வி. அதற்குப் பதில் மறுக்கப்படும்வரை அந்தச் சட்டம் வேலிக்கு வெளியேதான் செல்லும்.

வணிக ரகசியம் என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எந்த அடுக்கில் எவ்வளவு எண்ணெய், இருப்பு எவ்வளவு, லாக் விளக்கம் என்ன என்பதெல்லாம் பணம் செலவழித்துப் பெற்ற அறிவு. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் அதை டீக்கடையில் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் கேட்பது அதுவல்ல. மேற்பகுதிக் கேசிங் எத்தனை மீட்டரில் என்பதை வைத்து எந்தப் போட்டியாளரும் எதையும் திருட முடியாது. குத்தகை ஒருவரிடம் இருக்கும் நிலத்தில் இன்னொருவர் வந்து துளையிடவும் முடியாது. எண்ணெய் வணிகத்தின் தலைநகரம் போன்ற டெக்ஸாஸில் கிணற்று அனுமதியும், கிணறு முடிந்த பின் தரப்படும் ஆழம், கேசிங், சிமெண்ட் விவரங்களும் ரெயில்ரோட் கமிஷன் என்ற அரசு அமைப்பிடம் பொது ஆவணங்களாக இருக்கின்றன. நார்வேயில் ஓர் ஆய்வுக் கிணறு முடிந்ததும் எத்தனை மீட்டர், எண்ணெயா, வறண்ட கிணறா என்று அரசுத் துறையே அறிவிக்கிறது. நெதர்லாந்தில் கிணற்றின் தரவுகள் 5 ஆண்டுக்குப் பின் பொதுவுக்கு வந்துவிடும். அங்கெல்லாம் எண்ணெய் நிறுவனங்கள் நொடித்துப் போகவில்லை.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 8(1)(d) பிரிவில் வணிக ரகசியங்களுக்கு விலக்குத் தருகிறது. பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஓஎன்ஜிசி அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பொது நிறுவனம். சிக்கல் காலத்தில் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் பதிலுக்கு 30 நாள். மறுத்தால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம். கிணறோ இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும், அவை பொது ஆவணங்கள் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. ஜூலையில் தொடங்கி அக்டோபரில் முடிந்த கிணறு டிசம்பர் அறிக்கையில் ஒரு வரியாக வரும். நடந்து முடிந்ததைப் படிக்கலாம், நடப்பதைத் தடுக்க முடியாது.

பீதி கிளம்பும் என்ற வாதம்தான் மிகவும் பிடிவாதமானது. டெல்டாவின் அனுபவம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2011 ஜனவரியில் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மாநில அரசு ஒப்பந்தம் போட்டது. விஷயம் மெல்ல மெல்லத்தான் ஊருக்கு வந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து அதை விளக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. 2015இல் அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது. அதற்குப் பிறகு எந்த ரிக் வந்தாலும் ஊர் அதை மீத்தேன் என்றே பேசுகிறது. நிலக்கரிப் படுகையில் வாயு எடுக்க முதலில் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ள வேண்டும். வழக்கமான எண்ணெய்க் கிணற்றில் அந்த வேலை இல்லை, ஆபத்துகள் வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் மக்கள் கலங்குகிறார்கள் என்று அதிகாரிகள் குறை சொல்கிறார்கள். ரிக் வந்த அன்று இது என்ன கிணறு, எந்த ஆழம்வரை, எதற்காக என்று எழுதி வைத்திருந்தால் அந்தக் குழப்பம் எப்படி வரும்? கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று குழாயில் கசிவு, தீ, தடியடி, கைது என்று ஒரே நாளில் எல்லாம் நடந்ததற்குப் பின்னாலும், பல மாதங்களாகப் பதில் கிடைக்காத கேள்விகள் இருந்தன.

இங்கிலாந்தில் லங்காஷயரின் பிரஸ்டன் நியூ ரோடு கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும்போது நில அதிர்வு 0.5 அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஒவ்வொரு அதிர்வையும் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. ஊர்க்காரர்கள் அதைத் தினமும் படித்தார்கள். 2019 ஆகஸ்ட் 26 அன்று 2.9 பதிவானது. நவம்பர் 2 அன்று அரசு தடை விதித்தது. ஊர் பீதியில் சிதறிவிடவில்லை. எண்கள் எல்லோர் முன்னாலும் கிடந்ததால் வாதம் எண்களின் மேல் நடந்தது, முடிவும் எண்களின் மேல் வந்தது. நம் தமிழ்நாட்டிலோ, ஹைட்ரோகார்பன் திட்டங்களின் பாதிப்பை ஆராய அரசே சுல்தான் இஸ்மாயில் தலைமையில் அமைத்த குழுவின் அறிக்கையை வெளியிடுங்கள் என்று இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் கெஞ்ச வேண்டியிருந்தது. சந்தேகம் எங்கே பிறக்கிறது என்று இதற்குப் பிறகும் கேட்கலாமா?

இனி என் பக்கத்து நண்பர்களுக்கு. கிணறே வேண்டாம் என்கிறபோது அதன் ஆழத்தை அளந்து என்ன பயன், அளப்பதே ஒப்புக்கொள்வது ஆகாதா என்று போராட்டக் களத்தில் சிலர் கேட்கிறார்கள். இந்தக் கருத்தையும் மறுக்கிறேன். டெல்டாவில் துளையிடல் இனி வேண்டாம் என்பதே என் நிலையும். ஆனால் 1960களில் காரைக்காலில் தொடங்கிய துளையிடலின் மிச்சங்கள் நம் வயல்களுக்குள் இருக்கின்றன. ஓடும் கிணறு, நிறுத்திய கிணறு, வறண்டு கைவிட்ட கிணறு என எல்லாம் உண்டு. கைவிட்ட கிணற்றை எந்தெந்த ஆழத்தில் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள் என்பது நம் பேரப்பிள்ளைகளின் தண்ணீர்க் கணக்கு. வேண்டாம் என்று சொல்பவருக்குத்தான் அந்தக் கணக்கு அதிகம் தேவை. முழக்கத்துக்கு ஆட்சியர் அலுவலகம் பழகிவிட்டது. “இந்தக் கிணற்றில் மராமத்து என்றீர்கள், ஆனால் 8 நாளில் ஆழம் 140 மீட்டர் கூடியிருக்கிறதே” என்று ஒருவர் தாளை நீட்டினால் அதற்கு அவர்களிடம் ஆயத்தப் பதில் இருக்காது. காரைக்கால் புதுச்சேரிக்கு உட்பட்டது என்பதால் வேளாண் மண்டலச் சட்டம் அங்கே செல்லாது. அங்கு கண்காணிப்பைத் தவிர வேறு ஆயுதமே இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது இது. ரிக் நிற்கும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும் ஒரு பலகை. அதில் தமிழில், நாள்தோறும்: கிணற்றின் பெயரும் எண்ணும், புதியதா மராமத்தா சைடு டிராக்கா, நேற்றைய ஆழம், இன்றைய ஆழம், இறக்கிய கேசிங்கும் அது நின்ற ஆழமும், சிமெண்ட் சோதனை தேறியதா, சேறு இழப்போ வரவோ உண்டா, பி.ஓ.பி. சோதித்த தேதி, கழிவுக் குழியின் நிலை, தண்ணீர் எங்கிருந்து எத்தனை லாரி, வாயு எரிக்கப்போகும் நாள், பொறுப்பதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும். எழுத 10 நிமிடம் ஆகும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டிய கடமையை ஏற்கெனவே விதித்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் மனம் வைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடியும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. உங்கள் ஊராட்சி எல்லைக்குள் எண்ணெய்க் கிணறு ஓடினாலும், நின்றுபோயிருந்தாலும், வரப்போவதாகப் பேச்சு இருந்தாலும், அடுத்த கூட்டத்தில் இந்தப் பலகையைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மான நகலை ஆட்சியருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும், காரைக்காலில் உள்ள ஓஎன்ஜிசி அலுவலகத்துக்கும் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். துளையிடும் வேலை நடந்துகொண்டிருந்தால், உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்னும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவைக் குறிப்பிட்டு அன்றே மனுப் போடுங்கள்.